பளபளத்த மெஷினின் படம்

வாஷிங் மெஷின் பழுது பார்க்க வீட்டுக்கே ஆள் அனுப்பும் சின்ன கம்பெனி அது. தொடங்கியவன் தம்பி. இணையதளம் அக்கா பொறுப்பு. அவள் முன்பு அச்சகத்தில் லேபிள்களும் துண்டுப் பிரசுரங்களும் வடிவமைத்தவள். இணையப் பக்கம் செய்ய யாரும் சொல்லித்தரவில்லை. செய்து, கெடுத்து, மறுபடி செய்து பழகினாள். ஓர் எழுத்து மயிரிழை விலகியிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. கம்பெனியின் ஒரே மெக்கானிக் அவளுக்கு வைத்த பெயர் ‘பிக்சல் அக்கா’.

விளம்பரத்தைப் பார்த்து முகப்புப் பக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். ‘ஆள் அனுப்புங்கள்’ என்ற பொத்தானை அழுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பொறுத்துப் பார்த்த தம்பி, அடுத்த மாதம் பக்கத்தை வெளியாட்களிடம் கொடுத்துவிடலாம் என்றான். அவள் அலுவலக வேலையைப் பார்த்தால் போதுமாம். அதுவரைக்கும் விட்டுவை என்று கேட்டுக்கொண்டாள்.

முதலில் தெரிந்ததைச் செய்தாள். பொத்தானைப் பெரிதாக்கி, நிறத்தை மாற்றி, வாக்கியங்களைச் சுருக்கினாள். பக்கம் சட்டென்று திறக்கும்படி செய்தாள். பலனில்லை.

அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அந்த வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் கையில் தாளைக் கொடுத்துவிட்டு, அவருக்கு என்ன புரிகிறது என்று வாய் திறக்காமல் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்துக்கு அதைச் செய்யவே இல்லை என்பது, வீட்டுக்கு நாத்தனார் வந்திருந்த அன்று அவளுக்கு உறைத்தது. போனை நீட்டினாள்.

“அண்ணி, உங்க மெஷின் நின்னுபோச்சுன்னு வச்சுக்குங்க. இதுல என்ன பண்ணுவீங்க?”

முகப்பின் உச்சியில் பளபளத்த மெஷினின் படத்தை நாத்தனார் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். “அம்சமாத்தான் இருக்கு. என்ன விலை?”

“விலையா?”

“உன் தம்பி மெஷின் வியாபாரம் ஆரம்பிச்சதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. ஓசில கேட்டுடுவோம்னு பயமா?”

பழுது பார்ப்பதாகக் கீழே எழுதியிருக்கிறதே என்றதற்கு, அதுவரைக்கும் யார் போவார்கள், நின்றுபோன மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்குப் புது மெஷின் எதற்கு என்று கேட்டாள்.

அது புது மெஷினே அல்ல. துருப்பிடித்து, தூக்கிப்போட இருந்ததைத் தம்பி வாங்கிவந்து ஓடவைத்தான். படத்தில் அதன் கீறல்களை ஒவ்வொன்றாக அழித்துப் பளபளப்பாக்கியது அவள். தங்கள் வேலையின் பெருமையைத்தான் இருவரும் முன்னால் வைத்திருந்தார்கள். வெளியாள் கண்ணுக்கு அது மெஷின் விற்கும் கடை.

மறுநாள் மெக்கானிக்கோடு ஒரு வீட்டுக்குப் போனாள். பின்பக்கத் தகடு கழற்றிய மெஷின், தரையெல்லாம் தண்ணீர், முழங்காலிட்டு உள்ளே கைவிட்டிருக்கும் மெக்கானிக். அப்படியே படமெடுத்துக்கொண்டு வந்தாள்.

தம்பி முகம் சுளித்தான். “பொணத்தைக் காட்டி டாக்டருக்கு விளம்பரமாக்கா?”

“பொணம் இல்லடா, நோயாளி. வைத்தியம் பாக்கிற கையும் இருக்கு பாரு.”

மெஷினை நாம்தான் கெடுத்தோம் என்று நினைப்பார்கள் என அவன் முனகினான். இருந்தாலும் மாத முடிவுவரை இருக்கட்டும் என்றான். பழைய படத்தை எடுக்கும்போது அவளுக்கும் மனசு கேட்கவில்லை; அவள் செய்ததிலேயே நேர்த்தியானது அதுதான். எடுத்துவிட்டாள். படத்தின் மேல் ‘உங்கள் மெஷின் நின்றுவிட்டதா?’ என்று மட்டும் போட்டாள்.

பொத்தானை அழுத்துகிறவர்கள் கூடினார்கள். மெக்கானிக் சாப்பிட உட்காரும்போதெல்லாம் போன் அடித்தது. ஊரின் மறுகோடியிலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள், தனக்கென்ன இறக்கையா முளைத்திருக்கிறது என்று அவர் அவளிடம் வந்து சண்டை போட்டார். நியாயம்தான். எந்தெந்தப் பகுதிக்கு வருவோம் என்று பக்கத்தில் எங்குமே சொல்லவில்லை. அதை எழுத உட்கார்ந்தாள்.

தம்பி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

“வெளியாளுங்களை வர வேண்டாம்னுட்டேன்” என்றான். “மெக்கானிக் இன்னொருத்தர் வேணும். அதை நான் பாக்கறேன், நீ இதைப் பாரு.”