பள்ளத்தின் அடியில் ஒரு வரி

அறுபதுகளின் கடைசியில் நான் ஆராய்ச்சி மாணவி. கடம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வருவேன். கார்பன் மோனாக்சைடு மூலக்கூறில் இரண்டே அணுக்கள். அவை நெருங்கியும் விலகியும் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் இஷ்டத்துக்கு அல்ல, படிக்கட்டு மாதிரி குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டும். அந்தப் படிகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு.

முதலில் ஓர் அட்டவணை வேண்டும். அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சம இடைவெளியில் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு தூரத்துக்கும் ஆற்றலை ஒரு வரியாக எழுத வேண்டும். வரைந்தால் ஒரு பள்ளம் கிடைக்கும். என் கிறுக்கலைச் சுத்தப்பிரதி எடுத்து வரி எண் போட்டுத் தந்தவர் என் வீட்டுக்காரர். திருவள்ளூர் கோர்ட்டில் நகல் எழுத்தர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் போட்ட வரி எண்தான் எனக்குத் தூரம்.

கணக்குப் போட்டால் ஒரு படிகூடப் பொருந்தவில்லை. எல்லாமே ஆய்வகத்தில் அளந்த மதிப்பைவிட மேலே நின்றன. மாதக் கடைசிக்குள் சரிவராவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர். மூன்று வருட உழைப்பு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னவரிடம் எரிந்து விழுந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அட்டவணையை வரிவரியாகப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் அவருடைய இனிஷியல். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரே நம்பர் ரெண்டு தபா வந்துகினு இருந்துச்சு. கோர்ட்ல அப்டி வந்தா அடிச்சிட்டு இனிஷியல் போட்ணும்."

பள்ளத்தின் அடியில் அப்படித்தான் வரும். இறங்கி ஏறும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகள் ஒன்றாகவே இருந்தன. அவர் ஒன்றை அடித்து, அதற்கு எண் போடாமல் விட்டதும் பள்ளம் ஒரு வரி குறுகிவிட்டது. குறுகிய பள்ளத்தில் படிகள் மேலே ஏறத்தான் செய்யும். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவர் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

மறுபடி எண் போட்டு, அவர் வாசிக்க வாசிக்க நான் கணக்கிட்டேன். முதல் படி பொருந்தியபோது என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். மற்றவையும் மாதம் முடியுமுன் வந்து சேர்ந்தன.

ஆய்வேட்டை டைப் அடித்ததும் அவர்தான். பின்னிணைப்பில் அந்த இரண்டு வரிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இரண்டாவது வரியை அடிக்காமல், அதன் ஓரத்தில், யாரும் கேட்காமலே, இனிஷியல் போட்டிருந்தார்.