வெற்றுத் தாளில் ஓடிய தையல்

அந்தத் தையற்காரியைத் தெருவே சீட்டு அக்கா என்றுதான் கூப்பிடும். துணி கொடுத்தபோது வாங்கிய சீட்டைத் திருப்பிக் காட்டாவிட்டால் கூடப் பிறந்த தங்கைக்கும் சட்டை கிடையாது. ஆளை நம்ப மாட்டாள், சீட்டைத்தான் நம்புவாள். என்ன செய்ய, பிறவிக் குணம்.

ஒருநாள் காலை வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்களில் பெரியவர் தோளில் கனத்த பை. அவள் தம்பி வேலை பார்க்கும் ஆலையில் செம்புக் கம்பி காணாமல் போயிருந்ததாம்.

"வீட்டைப் பாக்கணும்."

"கோர்ட்டுக் காயிதம் எங்கய்யா?"

"சும்மா ஒரு பார்வைதாம்மா."

"சும்மா பாக்க இதென்ன பொருட்காட்சியா? காயிதம் இல்லேன்னா ஏன் வந்தீங்கன்னு எழுதுங்க. சாட்சிக்கு ரெண்டு பேர் நிக்கணும்."

முன்பொருநாள் கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்தபடியே ஒரு வக்கீலம்மா சொன்னது அது. தோள் அளவோடு அதையும் மனத்தில் குறித்து வைத்திருந்தாள்.

அவர்கள் காதில் வாங்காமல் உள்ளே நுழைந்தார்கள். அவள் மறிக்கவில்லை. "எனக்குச் சம்மதமில்ல" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுத் தச்சரையும் மாடிவீட்டு நர்ஸையும் கூப்பிட்டாள். கண் மட்டும் அந்தப் பையை விட்டு நகரவில்லை. அதிலிருந்து ஒரு முழக் கம்பியைத் துணிக்கட்டுக்குள் செருகிவிட்டால் தம்பியின் கதி?

"பை வெளியிலயே இருக்கட்டும்யா."

"எங்க மேலயே சந்தேகமா?"

"எனக்கு என் தங்கச்சி மேலயே சந்தேகம். உங்களை மட்டும் ஒதுக்குவேனா?"

தச்சர் சிரித்துவிட்டார். பை வாசலுக்குப் போனது.

பீரோ, மெத்தை, நூல்கண்டுப் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. பெரியவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"கீழ கையெழுத்துப் போடும்மா. மிச்சத்த ஸ்டேஷன்ல எழுதிக்கறோம்."

அவளா போடுவாள்? 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று அவர் கையாலேயே மேலே எழுத வைத்தாள். அடியில் சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். நடுவில் ஒரு சாண் வெற்றிடம். அதில் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே. தாளை மிஷினில் வைத்து மிதித்தாள். சிவப்பு நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, ஒரு எழுத்துக்கும் இடமில்லாமல் அடைத்தது. பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"இதே மாதிரி எனக்கொண்ணு எழுதுங்க."

அதையும் வாங்கிச் சீட்டு டப்பாவில் பூட்டினாள். அவர்கள் போனபின் ஒவ்வொரு துணியாக உதறி, மடிப்பெல்லாம் தடவிப் பார்த்தாள்.

மாலை தம்பி வந்ததும் அவன் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். சாப்பாட்டு டப்பாவும் சீப்பும் உருண்டன.

"நீயுமாக்கா?"

"அவங்க எழுதிக் குடுத்துட்டாங்கடா. நீ இன்னும் குடுக்கலியே."