நாலு அங்குலக் கால்வாயும் எஸ்தர் அக்காவும்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது பொன்னேரியில் ஒரு கட்டட வேலையில் இருந்தேன். அவருடைய கணவர் பாக்கியநாதன் அண்ணன்தான் போன் செய்தார். "தம்பி, எஸ்தரு பூட்டா," என்றார். அக்கா மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவர். மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி போட்டிருந்தார்கள். ஏணியில் ஏறிய பெண் கால் தவறி விழுந்து சாவு. அதைப் படித்ததிலிருந்து எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது. அவரை அறிந்தவர்களுக்கு அவர் எதற்காக ஏணியில் ஏறினார் என்று தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய கடமை மற்றவர்களைவிட எனக்கு அதிகம்.

பசியாவரத்துக்கு அப்பால் ஏரிக்குள் இருக்கும் சின்னத் தீவுக் குப்பம் அவருடையது. தோணிரேவு என்ற ஊரில் பிறந்து இந்தத் தீவில் வாழ்க்கைப்பட்டவர். ஏரியில் இறங்கிக் கையால் தடவி நண்டும் இறாலும் பிடிப்பதுதான் தொழில். அந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் படகில் வர வேண்டும். அதனால் ஐம்பது வீடு கட்டிக் கொடுக்கும் திட்டத்தில், கூரையில் விழும் மழையைத் தகரக் கால்வாயில் வாங்கி, குழாய் வழியே தொட்டியில் இறக்குவதாக வரைபடம் போட்டார்கள். ஒப்பந்தக்காரரிடம் நான் சைட் சூப்பர்வைசர்.

முதல் வரிசை வீடுகளுக்குக் கால்வாய் மாட்டிக்கொண்டிருந்த மத்தியானம், இடுப்பு வரை ஈரத்தோடு, நண்டுப் பறிக் கூடையைக் கையில் பிடித்தபடி அக்கா வந்து நின்றார். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார்.

"தம்பி, பிளான்ல கூர ரெண்டு பக்கமும் சரிவா இருந்துச்சே. இப்ப ஏன் ஒரே சரிவு?"

"வேலை சீக்கிரம் முடியும்னு மாத்திட்டாங்கக்கா."

"சரி, மாத்திக்கோ. ரெண்டு பக்கமும் பிரிஞ்சி உழற தண்ணி இப்ப மொத்தமா ஒரே பக்கம் வருது. கால்வா மட்டும் அதே நாலு இஞ்சா? குழாயும் ஒண்ணுதானா?"

நான் டிப்ளமோ படித்தவன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அன்று மாலை கூரையின் நீள அகலத்தை அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. ஆறு அங்குலம் வேண்டும், இரண்டு முனையிலும் குழாய் இறங்க வேண்டும், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். உப்புக் காற்றில் தகரமும் நிற்காது, பிளாஸ்டிக்தான் சரி. எங்கள் எஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். "நண்டு பிடிக்கிறவங்க சொல்றத கேட்டுக்கினு வந்து எனக்கு கிளாஸ் எடுக்காத," என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அங்கே தொடங்கியது என் பங்கு.

ஐப்பசியில் முதல் பெரிய மழை அடித்தபோது நாங்கள் சிமென்ட் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தோம். அக்கா வந்து எஞ்சினியரைக் கூப்பிட்டார். "சாரு, ஒரு அஞ்சி நிமிஷம் வெளிய வந்து பாத்துட்டுப் போ." எஞ்சினியர் குடையோடு போனார், நானும் போனேன். கூரைத் தண்ணீர் கால்வாயைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் விழுந்ததைவிடச் சுவரடியில் விழுந்ததுதான் அதிகம். அஸ்திவாரத்தை ஒட்டிய மணல் எங்கள் கண்ணெதிரே கரைந்து ஓடியது.

"நீங்க ஒழுங்கா சுத்தம் பண்றதில்ல. இலை தழை அடைச்சிக்கினு இருக்கும்," என்றார் எஞ்சினியர்.

"இலையா? இந்தத் தீவுல மரம் எங்க சாரு கீது? நீயே காட்டு!"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவில்லை.

இரண்டு மாதம் மனு மேல் மனு கொடுத்தும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஒரு நாள் அக்கா தன் வீட்டுக் கால்வாயைத் தானே கழற்றி, படகில் ஏற்றி, கரையேறி, ஷேர் ஆட்டோவில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு போய், திட்ட அலுவலகத்து மேசையில் போட்டார். "இத வெச்சிக்கோங்க. இதுக்கு ஏத்த மாதிரி சின்ன மழையா அனுப்பி வெய்ங்க," என்றாராம். திட்டத்துப் பொருளைச் சேதப்படுத்தினார், வேலையைத் தடுத்தார், ஆட்களை மிரட்டினார் என்று ஒப்பந்தக்காரர் போலீசில் புகார் கொடுத்தார். சாட்சி நான். மிரட்டவே இல்லை என்று எனக்குத் தெரியும். மிரட்டினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்காவைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். வாசலில் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீ எழுதிக் குடுத்தத படிச்சிப் பாக்கச் சொன்னாங்க. கையெழுத்து நல்லா கீது தம்பி," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இரண்டாம் வரிசை வீடுகளுக்குச் சத்தமில்லாமல் ஆறு அங்குலக் கால்வாய் வந்து இறங்கியது. தவறு நடந்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் வரிசையின் இருபத்திரண்டு வீடுகளை மாற்ற முடியாது, அது முடிந்துபோன வேலை என்று சொல்லிவிட்டார்கள். முடிந்தது என்ற தாளிலும் என் கையெழுத்து இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அக்காவும் நாலைந்து பெண்களும் ஒவ்வொரு வீடாகத் தாங்களே மாற்றத் தொடங்கினார்கள். கிளாம்பு அடிப்பது, நூல் கட்டி வாட்டம் பார்ப்பது, குழாய் திரும்பும் இடத்தில் பெண்டு ஒட்டுவது எல்லாம் அக்கா பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பதினெட்டு வீடு முடித்திருந்தார்கள்.

பத்தொன்பதாவது, தனியாக வாழும் பெரியவர் முனுசாமி நைனாவின் வீடு. "மழ வர்துக்குள்ள முடிச்சிடறேன் நைனா," என்று சொல்லி அக்கா ஏணியில் ஏறியிருக்கிறார். அந்தச் சுவரடியில்தான் மூன்று மழைக்காலமாக நாலு அங்குலக் கால்வாய் வழிந்து மணலை அரித்து வைத்திருந்தது. மேலே கெட்டியாகத் தெரிந்த தரை உள்ளே பொள்ளல். ஏணியின் ஒரு கால் அதற்குள் இறங்கிவிட்டது. நைனா இப்போதும் யார் வந்தாலும் அந்தக் குழியைத்தான் காட்டுகிறார். கால் தவறி விழுந்தார் என்று எழுதியவர்கள் அதை வந்து பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் இரங்கல் கூட்டம் நடந்தது. கோட்டைக்குப்பத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர் அக்காவின் படம் போட்ட பேனர் வைத்திருந்தார். மைக்கைப் பிடித்து, "மழைநீரைச் சேமிக்க நமக்கெல்லாம் வழிகாட்டியவர்," என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. பாக்கியநாதன் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் மைக்கை வாங்கினேன். கூரை மாற்றியதை, கால்வாய் மாற்றாததை, ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்த பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் மைக்கை நிறுத்தினார்கள். மீதியைக் கத்திச் சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் என்னிடம் வந்தார். "இத அவ உயிரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார்.

மறுநாளே வேலையை விட்டேன். நடந்ததை எழுதிக் கலெக்டர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். முன்பு கொடுத்தது பொய்ச் சாட்சி என்று ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். மீதி நாலு வீட்டையும் அந்தப் பெண்களோடு சேர்ந்து முடித்துவிட்டோம். ஏணிக்குக் கீழே பலகை போட்டுத்தான் ஏறினோம்.

இதெல்லாம் அவருக்குச் செய்த கைம்மாறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று, அவருடைய பிடிவாதம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த இடத்தில் ஒரு வேலை முடிந்தது என்று தாளை நீட்டினார்கள். கூரை ஓரம் எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஒரு கையெழுத்துதானேப்பா, போடு," என்றார் மேலாளர்.

"மழை வரட்டும் சார். நின்னு பாத்துட்டுப் போடறேன்," என்றேன்.