பொம்மைக்குப் பொருந்தாத சட்டை

வாசகரே, உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல அல்ல. நடுவர்களை என் வயதுக்கு மீறிய எண்ணிக்கையில் பார்த்துவிட்டேன். ஒரு சட்டையை உங்கள் முன் விரித்து வைக்கிறேன். அதைத் தைத்தவன் நான். பிரிக்கச் சொன்னவர்கள் மூவர். பிரித்தவனும் நான். யாருடைய குற்றம் எவ்வளவு என்பதைக் கேட்கக் கேட்கக் குறித்துக்கொள்ளுங்கள். என் பங்கை விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

மோகனூர்ப் பக்கம் எங்கள் வீடு. மூன்று பக்கமும் கரும்பு. பள்ளி நாள் முதல் நான் மேடைப் பேச்சாளன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் நிறுத்தினாலும், மணி அடிப்பதற்குள் கைதட்டல் வாங்கி இறங்குவேன். ஆகவே நான் சட்டம் படிப்பேன் என்று ஊர் முடிவுகட்டி வைத்திருந்தது. ஆடை வடிவமைப்பில் சேர்ந்த செய்தி பரவியதும் பக்கத்துத் தோட்டக்காரர் என் காது கேட்கவே, "இத்தன பேச்சுப் பேசிப்போட்டு, கடைசீல ஜாக்கெட் தெக்கறதுக்காப்பா?" என்றார். அவருக்கு நான் அளித்த மறுமொழி ஏறத்தாழ பத்து நிமிடம் நீடித்தது. பாதியிலேயே அவர் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று போய்விட்டார். மீதியை வரப்பில் நின்று நானே முடித்துக்கொண்டேன்.

கல்லூரி, நாமக்கல் தாண்டிச் சேலம் போகும் சாலையில் இருந்தது. இறுதி ஆண்டில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் உடையை வடிவமைத்துத் தைக்க வேண்டும். மூவர் கொண்ட ஒரு தேர்வுக்குழு அதைப் பார்க்கும். அவர்கள் ஏற்றுக்கொண்ட உடைகள் மட்டுமே ஆண்டுவிழா மேடையில் நடந்து வரும். என் வகுப்பில் பெரும்பாலோர் மணப்பெண் உடையைத் தேர்ந்துகொண்டார்கள். அதிலும் பாதிப் பேர் அதில் மயிலை வைத்தார்கள். நான் தேர்ந்தது, கரும்புக் காட்டில் வேலை செய்யும் பெண்களுக்கான ஒரு சட்டை.

எங்கள் பக்கம் சோகை உரிக்கப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். சோகை என்பது கரும்பின் காய்ந்த தாள். அதன் ஓரம் பிளேடு. அதன் சுணை கழுத்தில் பட்டால் குளித்தாலும் அரிக்கும். அதற்குத்தான் சட்டை. யாருடைய சட்டை? கணவன் போட்டு, மகன் போட்டு, இனி ஆகாது என்று கழித்ததுதான் அவர்களுக்கு வரும். மார்பில் பொத்தான் தெறிக்கும். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலேறும். மணிக்கட்டில் தொளதொளத்த கை, சோகைக்குள் சிக்கிக் கிழியும். இந்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்குச் சட்டை உண்டு, காவலருக்குச் சட்டை உண்டு, கடைவாசலில் கதவைத் திறந்துவிடுபவருக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை உண்டு. சோறு போடும் காட்டில் வாழ்நாளெல்லாம் நிற்கும் ஒரு பெண்ணின் உடம்புக்கென்று ஒரு சட்டையை எவரும் வெட்டவில்லை. இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் ஒருவர். அவருடைய முன்கையில் பூனை பிறாண்டியது போன்ற கோடுகள் இல்லாத மாதத்தை நான் கண்டதில்லை.

அம்மாவோடு வேலைக்குப் போகும் ஐவரும் அளவு கொடுக்கச் சம்மதித்தார்கள். வயதுப் பையன் நாடாவோடு கிட்டே போக முடியாது. ஆகவே நான் வரப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டைப் பிடித்துக்கொண்டேன். கரும்பு மறைவில் அம்மா அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொன்னார்.

"மேல்கைச் சுத்து பதினாலரை!"

"அதக் கத்தியா சொல்லோணும்? மில்லுக்கே கேக்கும்."

"நெஞ்சளவு நாப்பத்..."

"ஏ, நிறுத்து. அதக் காயிதத்துல எழுதிக் குடு."

அவர்களில் மூத்தவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் தன் முறை வந்ததும், "சாமி, என்றத ரண்டு கொறச்சே எழுதிக்கோ. காலேஜுல நாலு பேரு பாப்பாங்கல்ல" என்றார். ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு எண்கள் தவறிப்போயின. மறுபடி கேட்டு எழுதினேன்.

அந்த எண்களை எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கிய அளவு அட்டவணையோடு ஒப்பிட்டேன். எந்த வரிசையிலும் அவர்கள் அடங்கவில்லை. இடுப்புக்கு ஏற்ற எண்ணைப் பார்த்தால் தோள் போதாது. தோளுக்கு ஏற்றதைப் பார்த்தால் இடுப்பு மிதந்தது. மேல்கையின் சுற்றளவோ அட்டவணையின் எல்லையையே தாண்டி நின்றது. சுமை தூக்கிய கைகள் அவை. அட்டவணையை ஒதுக்கிவிட்டு, ஆறு பேருக்கும் பொதுவாக, அவர்களுடைய அளவிலேயே வடிவத்தாளை வரைந்தேன். கழுத்தை மூடும் பட்டி வைத்தேன். கை தூக்கினால் சட்டை ஏறாதிருக்க அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டு சேர்த்தேன். மணிக்கட்டுத் துணி விலகாதிருக்கக் கட்டைவிரலில் மாட்டும் வளையம். செல்போனுக்கு உட்பக்கம் ஒரு பை. துணி, திருச்செங்கோட்டுத் தறியில் ஓடிய முரட்டுப் பருத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் காட்டுக்குக் கொண்டுபோனேன். முதலில் போட்டுப் பார்த்தவர் பெரியம்மா. கைகள் நுழைந்தன; தோள் உட்கார்ந்தது; எனக்கு நெஞ்சு விம்மியது. பிறகு அவர் பொத்தான் போடத் தொடங்கினார். போடவே முடியவில்லை. விரல்கள் பழக்கப்பட்ட பக்கம் போயின. அங்கே பொத்தான் இல்லை. திரும்பின, காஜா இல்லை.

"ஏஞ்சாமி, கண்ணாடியப் பாத்துக்கிட்டே தெச்சயா? எல்லாம் மாறிக் கெடக்குது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆண்கள் சட்டையில் பொத்தான் வலப்பக்கம், பெண்கள் சட்டையில் இடப்பக்கம் என்பது முதலாண்டுப் பாடம். பாடப்படி இடப்பக்கம் வைத்திருந்தேன். ஆனால் இந்த ஆறு பேரும் வாழ்க்கையில் பெண்கள் சட்டையைத் தொட்டதே இல்லை. இருபது முப்பது ஆண்டுகளாக ஆண்கள் சட்டையைத்தான் போடுகிறார்கள். விடியலில், பாதித் தூக்கத்தில், வண்டி வந்து நிற்கும் அவசரத்தில், கண்ணால் பாராமல் போடும் பொத்தான். அவர்கள் விரலுக்குத் தெரிந்த பக்கம் ஒன்றுதான். பாடத்தைப் படித்தேன், விரல்களைப் படிக்கவில்லை. அன்றே முன்பட்டிகளைப் பிரித்து, பொத்தானை வலப்பக்கம் மாற்றித் தைத்தேன். மறுநாள் பெரியம்மா அதைப் போட்டுக்கொண்டு அரை நாள் சோகை உரித்தார். கழற்றித் தரும்போது, "இத இங்கயே உட்டுட்டுப் போயேன்" என்றார்.

"இல்லீங் பெரியம்மா, மேடையேறோணும்" என்றேன். "நீங்களே வந்து பாருங்க. உங்க சட்டதான் வரும்."

சாட்சியே, இந்த வாக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

தேர்வுக்குழுவில் துறைத்தலைவர், ஓர் ஆசிரியர், கோவையில் உடைக்கடை நடத்தும் வெளித்தேர்வாளர் ஆகிய மூவரும் இருந்தனர். ஐந்து நிமிட உரை ஒன்றை நான் செதுக்கி வைத்திருந்தேன். இரண்டாம் வாக்கியத்தில் வெளித்தேர்வாளர் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"தம்பி, நீங்க நல்லா பேசுவீங்கன்னு சொன்னாங்க. பேச்சுக்கு இங்க மார்க் இல்ல. டம்மிக்குப் போடுங்க."

டம்மி என்பது துணி போர்த்திய உடற்பொம்மை. எல்லா உடைகளையும் அதற்கு மாட்டித்தான் பார்ப்பார்கள். மாட்டினேன். தோளில் சட்டை சரிந்தது. கைகள் ஊதி நின்றன. பொம்மைக்கு மேல்கைச் சதையே கிடையாது.

"ஃபிட்டே இல்லையே" என்றார் வெளித்தேர்வாளர்.

"பொம்மை அளவுல தைக்கல மேடம். ஆறு பேர் அளவு இது. நோட்டு இருக்கு."

அவர் நோட்டை வாங்கவில்லை. முன்பக்கத்தை விரலால் தொட்டார். "இது லேடீஸ் சர்ட்தானே? பட்டன் எந்தப் பக்கம் வரணும்?"

"இடப்பக்கம் மேடம். ஆனா இவங்க எல்லாரும்..."

"ஃபர்ஸ்ட் இயர் கேள்வி இது. இதுகூடத் தெரியாம ஃபைனல் இயர் வந்திருக்கீங்க."

"தெரிஞ்சுதான் மாத்தினேன் மேடம். முதல்ல இடப்பக்கம்தான் வச்சேன். அவங்களால போட முடியல. ஆம்பள சட்டையே போட்டுப் பழகின கை."

"அப்ப நாமதான் பழக்கணும். இல்லேன்னா டிசைனர்னு ஒருத்தர் எதுக்கு?"

துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "வாதம் பண்ணாதப்பா, இது பட்டிமன்றம் இல்ல. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பட்டன மாத்து, டம்மி சைஸுக்குப் பிடிச்சுக் கொண்டா. கான்செப்ட் நல்லாருக்கு, ஷோல போட்டுக்கலாம். இல்லேன்னா விட்டுரு."

கான்செப்ட் நல்லாருக்கிறதாம்! ஒரு பெண்ணின் தோளை வெட்டி எறிந்துவிட்டு, அவள் பெயரில் ஒரு கருத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமாம். மனித உடம்பில் எங்கும் காணக் கிடைக்காத ஓர் அளவுக்கு மனிதர்களைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லும் அறிவுக்குத் தேர்வுக்குழு என்று பெயராம். அந்த அறையில் பொய்யான உடம்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

இவற்றையெல்லாம் நான் அங்கே சொன்னேனா? இல்லை. எத்தனையோ மேடைகளில் வாய் ஓயாதவன் அங்கே, "சரிங்க மேடம்" என்றேன். சட்டை மேடையேற வேண்டும். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதைவிட, மேடை என்றால் என்னால் விட முடிந்ததில்லை. இந்த இரண்டாவது காரணத்தை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

காஜா வெட்டிய துளையை அடைக்க வழியில்லை. மறுநாள் பகல் முழுவதும் தையற்கூடத்தில் அமர்ந்து, இரண்டு முன்பட்டிகளையும் இரண்டாம் முறை பிரித்துப் புதுப்பட்டி வைத்தேன். மேல்கையில் மூன்று அங்குலம் பிடித்தேன். அக்குள் துண்டு பொம்மையில் புடைத்துக்கொண்டு தெரிந்ததால் அதையும் எடுத்தேன். மாலையில் மாட்டிக் காட்டியபோது சட்டை பொம்மைக்குக் கச்சிதமாக இருந்தது. "இப்பத்தான் கார்மென்ட் மாதிரி இருக்கு" என்றார் துறைத்தலைவர்.

ஆண்டுவிழாவுக்கு ஆறு பேரும் அரை நாள் வேலையோடு நிறுத்திவிட்டு, நல்ல சேலை உடுத்தி, இரண்டு பேருந்து மாறி வந்தார்கள். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. என் முறை வந்தது. பறை ஒலி போட்டார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி, பொம்மையைப் போலவே மெலிந்தவள், அந்தச் சட்டையை அணிந்து நடந்து வந்தாள். கண்களில் கறுப்புக் கண்ணாடி. கையில் அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய அரிவாள். அதைச் சேர்த்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரங்கம் விசில் அடித்தது. என்னை மேலே அழைத்து ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். செதுக்கி வைத்திருந்த அந்த ஐந்து நிமிட உரையை, ஒரு சொல் பிசகாமல், அரிவாளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினேன். எழுந்து நின்று தட்டினார்கள். வெளித்தேர்வாளரும் தட்டினார்.

கடைசி வரிசைக்குப் போனேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வீட்டில் பழைய துணிகளைப் பிரித்துத் தைப்பவர் அவர்; சட்டை மாறியதைத் தொலைவிலிருந்தே கண்டிருப்பார். பெரியம்மா மட்டும் பேசினார். குத்தலாக அல்ல; உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நெம்ப நல்லாருந்துச்சு சாமி. அந்தச் சட்டெ ஆருக்கு?"

எத்தனையோ எதிரணிகளுக்கு விடை சொன்னவன், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங் பெரியம்மா" என்றேன்.

கல்லூரி வாசலில் நாமக்கல் பேருந்துக்காக நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அம்மா, "உடு சாமி, மார்க்கு வந்துச்சில்ல, போதும்" என்றார். போதவில்லை. அந்த மூவர் மீதிருந்த ஆத்திரம், என் மீதிருந்த ஆத்திரத்தோடு சேர்ந்துகொண்டது. நடைபாதையில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, லாரி இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, ஆறு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னேன்:

"அடுத்த சோகை உரிப்புக்குள்ள ஆறு பேருக்கும் ஆறு சட்டெ, அவிங்கவிங்க அளவுல தெச்சுக் கொண்டாந்து தாரனுங்க. காட்டுல போட்டு வேலை செஞ்சு பாத்து, நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் பிரிச்சுப் பிரிச்சுத் தெப்பேன். அதுவரைக்கும் எந்த மேடையிலயும் ஏறி உங்களப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்."