ராணி ஆஸ்வோர் முழுக்காடிய கதை

அர்ன்விக்கின் ராணி ஆஸ்வோர், தன் ராஜ்யத்தைப் பற்றிப் பேசும்போது கையை நன்றாக அகல விரிப்பாள். உண்மையில் அவள் வீட்டு வாசலில் ஒரு ஆடு கத்தினால், நாட்டின் கடைக்கோடியில் இருப்பவன் "நம்ம ஆடா பாரு" என்று பெண்டாட்டியை எழுப்புவான். கடல் உள்ளே புகுந்த ஒரு கழி, அதன் இரு கரையிலும் சில பண்ணைகள், மேலே மேய்ச்சல் காடு, கீழே கம்பங்களில் காயும் மீன். அவ்வளவுதான் நாடு. ராணியும் மற்ற பெண்களைப் போலப் பால் கறந்தாள், கம்பளி நூற்றாள். ஆனால் அவள் கறக்கும்போது பக்கத்தில் ஒருத்தி நின்று வாளியைப் பிடிக்க வேண்டும். ராணி என்பதற்கு அதுதான் அடையாளம்.

அவள் புருஷன் ராஜா வெமுண்ட் முன்பே கிறிஸ்தவராகியிருந்தார். தெற்கிலிருந்து பெரிய ராஜாவின் ஆட்கள் கப்பல்களில் வந்து, "தண்ணியில முழுகுறீங்களா, வீட்டைக் கொளுத்தட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். வெமுண்ட் முழுகினார். ராணிக்கு அன்று பார்த்து ஜலதோஷம். கப்பல்கள் கழியைத் தாண்டியதும் ஜலதோஷமும் தாண்டிவிட்டது. வந்தவர்கள் விட்டுப்போனது ஒரு மணியும், எட்ரிக் என்ற இங்கிலாந்துப் பாதிரியாரும். படகுக் கொட்டகைதான் அவருக்குக் கோயில். அவர் மணி அடித்தால் தவறாமல் வந்தவை ஆடுகள்.

ஊரின் பழைய பூசையெல்லாம் ஆஸ்வோர் கையில். இலையுதிர் காலத்தில் குதிரையை வெட்டி, அதன் ரத்தத்தில் குச்சிக்கட்டைத் தோய்த்து, பழைய தேவர்களின் கோயிலான தேவர்மனைச் சுவரிலும் கூடியவர்கள் நெற்றியிலும் தெளிப்பாள். ஒருமுறை எட்ரிக் விரதமிருந்த நாளாகப் பார்த்து வெந்த குதிரை ஈரலை ஒரு தட்டில் அனுப்பினாள். "அந்த மொட்டைத்தலை கிட்ட சொல்லு, அவரோட சாமிக்கு ரொட்டிதான் கிடைக்குதாம், பாவம். இதைக் கொஞ்சம் காட்டச் சொல்லு" என்றாள். ஊரே சிரித்தது. எட்ரிக் சிரிக்கவில்லை. தட்டையும் திருப்பித் தரவில்லை.

அந்த வருஷத்துப் பூசை விருந்தில்தான் வினை வந்தது. ஞானஸ்நானம் பெற்ற வெமுண்ட், குதிரை விலாவைக் கடித்துக்கொண்டே ஒரு பழைய சண்டையின் கதையைச் சொன்னார். கதையில் எதிரி விழும் இடம் வந்தபோது எலும்பு தொண்டைக்குள் போய்விட்டது. கண்ணை உருட்டினார், மேசையைக் குத்தினார். நன்றாக நடிக்கிறார் என்று எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்தபோது ராஜா இல்லை.

ஆஸ்வோர் முறைப்படி அழுதாள். முடியை அவிழ்த்துப் போட்டு அழுதுகொண்டிருந்தவள் பக்கத்தில் வெமுண்டின் தம்பி ஸ்கோப்தி வந்து உட்கார்ந்தான். அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. அண்ணி இருக்கும்வரை பண்ணைகள் அண்ணிக்குத்தான்.

"அண்ணனைப் பழைய முறைப்படி அனுப்பணும் அண்ணி" என்றான். "படகு, குதிரை, வேட்டை நாய். மேலே பெரிய மண்மேடு."

"செய்ப்பா. அவருக்கு எதுல குறை வைக்கப்போறோம்?"

"துணைக்கு ஆள்?"

"அடிமைப்பொண்ணுங்க இருக்காளுங்க. ஒருத்தியைப் பார்த்து அனுப்பு."

"அடிமை எதுக்கு அண்ணி? அப்பா செத்தப்ப நீங்கதானே எழுந்து நின்னு பேசினீங்க? ராஜாவோட கூடப் போறது எப்பேர்ப்பட்ட பாக்கியம், எனக்கு அது கிடைக்கலையேன்னு மாரடிச்சீங்க. நான் மறக்கவே இல்லை. இப்ப அந்தப் பாக்கியம் தேடி வந்திருக்கு."

ஆஸ்வோரின் அழுகை சட்டென்று நின்றது. அன்று அவள் பேசியது உண்மைதான். உருக்கமாகப் பேசினாள். மாமனாருக்குத் துணையாகக் கொன்று புதைத்த அந்தப் பெண்ணின் பெயர்கூட இப்போது அவளுக்கு நினைவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த கிழவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு, "முறைதானே, முறைதானே" என்றார்கள். முறையைப் பேசுகிறவர்கள் யாரும் படகில் ஏறப்போவதில்லை.

மறுநாள் காலையில் பாதிரியாரின் மணி அடித்தபோது, ஆடுகளுக்கு முன்னால் ராணி நின்றாள்.

"சாமி, என் மனசுல வெளிச்சம் வந்திருச்சு."

எட்ரிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பம்மா வந்துச்சு?"

"ராத்திரிதான்."

"ஸ்கோப்தி பேசினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஊரில் எந்தப் பேச்சும் நிற்காது என்பது பாதிரியாருக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவர் நல்லவர்தான். ஆனால் ஈரல் தட்டை மறக்கும் அளவுக்கு நல்லவர் இல்லை. குதிரைக்கறியை விட வேண்டும் என்றார். சரி என்றாள். தேவர்மனையைப் பிரித்து அந்த மரத்தில் கோயில் கட்டித் தர வேண்டும் என்றார். எச்சில் விழுங்கிக்கொண்டு சரி என்றாள். பரலோக மந்திரத்தை லத்தீனில் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும் என்றார்.

"அதுவுமா?"

"அது தெரியாம முழுகினா வெறும் குளியல்தாம்மா."

ஊரில் அந்த மந்திரம் தெரிந்த இன்னொரு ஆள், ராணியின் பால் வாளியைப் பிடிக்கும் அயர்லாந்து அடிமைப்பெண் மூரின். பிடித்து வரும்போதே அவள் கிறிஸ்தவள். இத்தனை வருஷமும் அவள் முணுமுணுத்ததைப் பசுவுக்குப் பாடும் பாட்டு என்றே ஆஸ்வோர் நினைத்திருந்தாள். இப்போது தொழுவத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"பாத்தெர் நோஸ்தெர். சொல்லுங்க ராணியம்மா."

"பாத்ரம் நாஸ்தி."

"பாத்திரம் இல்லம்மா. அப்பா. சாமியை அப்பான்னு கூப்பிடறோம்."

"எங்கப்பனை நான் அப்படி மரியாதையா கூப்பிட்டதே இல்லையேடி!"

பாடம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது ஸ்கோப்தி தொழுவ வாசலில் வந்து நின்றான். பாதிரியாரைத் தொட்டால் பெரிய ராஜாவின் கப்பல்கள் திரும்பி வரும், அவர் பக்கம் போய்விட்ட அண்ணியைத் தொட்டாலும் அதே கதி என்று அவனுக்கு யாரோ எடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

"சரி அண்ணி, நீங்க இருங்க. இவளைக் குடுங்க. அண்ணன் தனியாப் போகக் கூடாது."

ஆஸ்வோர் முகத்தில் ஓடிய கணக்கை மூரின் பார்த்தாள். தன் உயிர் தப்பியது, போகட்டும், ஒரு அடிமைதானே என்ற கணக்கு. அந்த முகத்தை மூரினுக்கு நெடுநாளாகத் தெரியும்.

"தாராளமாப் போறேன்" என்றாள் மூரின். "ஆனா மந்திரத்துல கடைசி அடி ரெண்டு பாக்கி இருக்கு. நாளைக்குப் பாதிரியார் கேட்பார். ராணியம்மாவே ஏதாவது சேர்த்துக்குவாங்க."



"என்னடி வேணும் உனக்கு?" என்றாள் ராணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"விடுதலை. எல்லாரும் கேட்க, வாய்விட்டுச் சொல்லணும். அப்புறம் அந்தச் சிவலைப் பசு."

"பசு எதுக்கு?"

"விடுதலையைக் கறந்து குடிக்க முடியுமா?"

ராணி முற்றத்துக்கு வந்து ஊரைக் கூட்டிச் சொன்னாள். கருணையால் செய்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். அதன் பிறகுதான் மூரின் கடைசி அடிகளைச் சொல்லிக்கொடுத்தாள், பசுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே.

ஞானஸ்நானத்தன்று கழியோரம் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது. எட்ரிக் அதைக் காலால் உடைத்தார். முதல் முழுக்கு பிதாவின் பேரால். இரண்டாவது சுதன் பேரால். மூன்றாவதில் ராணி, "தோர் மேல ஆணையா, உயிர் போகுதுடா!" என்று பழைய தேவனைக் கூப்பிட்டு அலறினாள். பாதிரியார் காதில் தண்ணீர் போனவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டு ஆமென் சொன்னார்.

கரையேறியதும் ஸ்கோப்தி, "அப்ப அண்ணன் ஒத்தையாவா போவார்?" என்று கேட்டான்.

நடுங்கும் பல்லோடு ஆஸ்வோர் திரும்பினாள். "அவர் மேல உன்னைவிட யாருக்குப்பா பாசம்? நான் முழுகிட்டேன். அவளும் கிறிஸ்தவச்சி. இந்த ஊர்ல முழுகாத சொந்தம் நீ ஒருத்தன்தான்."

கிழவர்கள் தாடியைத் தடவினார்கள். "முறைதானே" என்றார் ஒருவர்.

ஸ்கோப்தி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவன் தண்ணீரில் விழுந்த சத்தத்தைக் கேட்டு, அடுத்த சொந்தம் யார் என்று கிழவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் அர்ன்விக்கில் முழுகாத தலை இல்லை. எட்ரிக்குக்குத் தோள் பிடித்துக்கொண்டது. ஆண்டவரே இறங்கி வந்து ஊரை மாற்றினார் என்று பின்னாளில் ஆயரிடம் அவர் சொன்னார். வெமுண்டைக் கோயில் நிலத்தில் புதைத்தார்கள். குதிரை பிழைத்தது.

அதற்குப் பிறகு ஆஸ்வோர் வெகுகாலம் வாழ்ந்தாள். அவளைவிடக் கண்டிப்பான கிறிஸ்தவள் அந்தக் கரையில் இல்லை. எந்த வீட்டுப் பானையில் குதிரைக்கறி வேகிறது என்று மூக்காலேயே கண்டுபிடிப்பாள். அந்த வாசனை அவளைவிட யாருக்குத் தெரியும்? பிடிபட்ட பானை ராணி வீட்டுக்குப் போகும். அங்கே அது என்ன ஆனது என்று கேட்க எவருக்கும் தைரியம் இல்லை. பாதிரியார் கண்ணயர்ந்தால் அவளே போய் மணியை அடிப்பாள். பழைய தேவர்களே தேவலை, அவர்கள் விடியற்காலையில் எழுப்ப மாட்டார்கள் என்று எட்ரிக்கே மூரினிடம் புலம்பியதாகக் கேள்வி. மூரின் மேல்பண்ணையில் சிவலையின் கன்றுகளோடு இருந்தாள். ராணியைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள்.

படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் ஆஸ்வோர் எட்ரிக்கைக் கூப்பிட்டனுப்பினாள்.

"சாமி, அவரும் முழுகினவர்தான். அப்ப பரலோகத்துல இருப்பாரா?"

"நம்பிக்கைதாம்மா."

"அங்கயும் அவர்தான் என் புருஷனா?"

"இல்லம்மா. அங்கே புருஷனும் கிடையாது, பெண்சாதியும் கிடையாது. வேதத்துல இருக்கு."

ஆஸ்வோர் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடப் பாவி மனுஷா! இதை முதல்லயே சொல்லியிருந்தா, கப்பல் வந்த அன்னைக்கே குதிச்சிருப்பேனே!"