அருளப்பர் வேஷம் போன விதம்

எங்கள் குருநகர்க் கோயில் வளவில் தவசுகாலத்தின் கடைசியில், பெரிய வெள்ளிக்கு முந்திய ஞாயிறு பின்னேரம், யேசுநாதரின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அதில் மூன்று வருடம் தொடர்ந்து நான் அருளப்பராக நடித்தேன். சீடர்களுக்குள் இளையவர் அவர். யேசுநாதருக்கு மிகவும் பிரியமானவர். கோயில் படங்களில் தாடி மீசை இல்லாத முகமும் கழுத்தில் புரளும் சுருள் தலைமயிருமாக இருப்பார். எனக்கும் அப்போது சுருள் தலைமயிர்தான். ஆடி மாதத்தோடு வெட்டுவதை நிறுத்திவிட்டால் தவசுகாலத்தில் கழுத்தை மூடிவிடும்.

நான் பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்துவந்தேன். அச்சக மேலாளருக்கு என் தலைமயிர் பிடிப்பதேயில்லை. ஆனால் அவரும் எங்களைப்போல வேதக்காரர். அருளப்பருக்காக வளர்க்கிறேன் என்று சொன்னபிறகு வாய் திறக்கமாட்டார்.

நாலாவது வருடம் எனக்கு இருபத்தாறு வயது. வழக்கம்போல ஆடியில் வெட்டுவதை நிறுத்தினேன். பின்பக்கம் வழக்கம்போல வளர்ந்தது. முன்பக்கம் வளரவில்லை. வளராமல் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, அது மெல்ல மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இது தெரியாது. எங்கள் வீட்டுக் கண்ணாடி சிறியது, ஒரு நேரத்தில் முகத்தின் பாதியைத்தான் காட்டும். நான் கீழ்ப்பாதியைப் பார்த்துச் சவரம் செய்துவிட்டுப் போய்விடுவேன்.

அக்காதான் முதலில் கண்டது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் நானும் அவளும்தான். மார்கழியில், யேசுநாதர் பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு முற்றத்தில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"தம்பி, பின்னாலை நல்லா வளருது. முன்னாலை எங்கை போகுது?" என்றாள்.

"என்ன போகுது?"

"நெத்தி ஏறிக்கொண்டு போகுது. போன வருசம் உதிலை நாலு விரல் வைக்கலாம். இப்ப ஒரு கை முழுக்க வைக்கலாம்."

நான் வைத்துப் பார்த்தேன். வைக்கக்கூடியதாக இருந்தது.

தை பிறந்தால் ஒத்திகை தொடங்கிவிடும். நாடகத்தை நடத்துகிற அண்ணாவியார் சொந்த வள்ளம் வைத்துக் கடற்றொழில் செய்தவர். பாட்டு, வசனம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். யாருக்கு எந்த வேஷம் என்பதை அவர்தான் முடிவுசெய்வார், அவர் முடிவைக் கோயில் சுவாமியார்கூட மாற்றமாட்டார். வேஷம் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்கு நத்தார்ச் சாப்பாடே இறங்கவில்லை.

முதலில் என் கையாலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். இடப்பக்க உச்சியைக் கீழே இறக்கி, காதுக்கு இரண்டு விரல் மேலே பிரித்து, அங்கிருந்து நீள மயிரை எடுத்து நெற்றிக்கு மேலால் வலப்பக்கம்வரை இழுத்தேன். தேங்காயெண்ணெய் வைத்தால் கொஞ்ச நேரம் படிந்து கிடந்தது. குருநகரில் கடற்காற்று ஓய்கிற நேரம் குறைவு. வீட்டிலிருந்து அச்சகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த மயிர் முழுவதும் எழும்பி, பிணைச்சல் கழன்ற கதவுபோல ஒரு பக்கமாகத் திறந்து நின்றது. அடுத்த நாள் அக்கா சட்டைக்குப் போடுகிற கஞ்சியில் கொஞ்சம் எடுத்துத் தடவினேன். காற்றுக்கு அசையவில்லை. ஆனால் காய்ந்தபிறகு, எழுத்துக் கோக்கக் குனியும்போதெல்லாம் எழுத்துப் பெட்டிக்குள் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. மேலாளர் ஒரு பொருக்கை விரலால் எடுத்துப் பார்த்தார், என்னையும் பார்த்தார், பொருக்கை ஊதிவிட்டுப் போனார்.

பிறகு பட்டணத்துச் சலூனுக்குப் போனேன். சலூன்காரர் சுழிபுரம் பக்கத்து ஆள். திருநீறு பூசி, தலையைக் குறொப்பாகக் கட்டையாக வெட்டி, எப்போதும் சுத்தமாக இருப்பார். என் தலையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உச்சியிலை இருக்கிறதை முன்னுக்கு விழுத்தி, நெத்தியிலை நேராக் கத்திரிச்சு விடுறன். ஒருதருக்கும் தெரியாது," என்றார்.

அப்படியே செய்தார். நன்றாக மறைந்துதான் இருந்தது. அன்று பின்னேரம் முதல் ஒத்திகைக்குப் போனபோது அண்ணாவியார் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு எழும்பிவந்தார்.

"நீர் பிலாத்துவுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறீர்போலை."

யேசுநாதருக்குத் தீர்ப்புச் சொன்ன உரோமைக்காரனை எங்கள் கோயில் படத்தில் நெற்றியில் கத்தரித்த மயிரோடுதான் வரைந்திருந்தது. எனக்கு அது அதுவரை ஞாபகம் வரவில்லை. இல்லை அண்ணாவியார், நான் அருளப்பர்தான் என்று சொல்லி, கையால் மயிரைப் பின்னுக்குத் தள்ளினேன். தள்ளிய உடனே நெற்றி ஞாபகம் வந்து திரும்பவும் முன்னுக்கு இழுத்தேன். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது.

மூன்றாவது வழி வெட்கப்படவேண்டியது. குப்பி விளக்கின் கரியைச் சுரண்டி எடுத்து, ஆமணக்கெண்ணெயில் குழைத்து, மயிர் இல்லாத இடத்தில் சின்னக் குச்சியால் கோடு கோடாக இழுத்தேன். கத்தரித்த மயிர் வளரும்வரை அதை இரண்டு பக்கமும் ஒதுக்கி விட்டுக்கொள்வேன். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் அசல் தலைமயிர் மாதிரித் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இரண்டு மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒத்திகையில் எல்லோரும் ஆறடி தள்ளித்தான் நின்றார்கள்.

கடைசி ஒத்திகைக்கு உடுப்புகளோடு வரச் சொன்னார்கள். யேசுநாதருக்குக் கன்னியாஸ்திரிகள் அந்த வருடம் புதிதாக ஒரு வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்திருந்தார்கள். யேசுநாதராக நடித்தவர் மரக்காலையில் தச்சு வேலை செய்தவர், மிகவும் பொறுமைசாலி. யேசுநாதர் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிடுகிற இராப்போசனக் காட்சி வந்தது, அதுவரை அதைப் பாட்டாக மட்டும்தான் பழகியிருந்தோம். அருளப்பர் யேசுநாதரின் நெஞ்சில் தலை சாய்த்திருக்கவேண்டும். பக்கத்தில் பாட்டுக்காரர் நாலு அடிப் பாட்டு ஒன்று படிப்பார்கள். அந்த நாலு அடியையும் அண்ணாவியார் அன்று மூன்றுதரம் திருப்பிப் படிப்பித்தார். பங்குனி வெக்கை. நான் நெஞ்சில் சாய்ந்தபடியே கிடந்தேன். நெற்றியில் வேர்வை ஊறுவது தெரிந்தது. தலையை எடுத்தால் அண்ணாவியார் ஏசுவார், எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கவே தைரியமில்லை.

பாட்டு முடிந்தது. நான் எழும்பினேன். தச்சர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். வெள்ளை அங்கியில் பெரிய தோசை அளவில் கரி வட்டம்.

அவர் அமைதியாகத் திரும்பி, "அண்ணாவியார், அருளப்பர் கழண்டு என்னிலை ஒட்டிப்போட்டார்," என்றார்.

மற்றச் சீடர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யூதாசாக நடித்தவன் நிலத்திலேயே குந்தியிருந்து சிரித்தான். நான் கோயில் கிணற்றடிக்குப் போய்த் தலையைக் கழுவினேன். போகவா, நிற்கவா என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். அண்ணாவியார் பின்னாலேயே வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு சுருட்டைப் பற்றவைத்தார்.

"தம்பி, உமக்கு அருளப்பர் முடிஞ்சுது," என்றார்.

"ஓம்."

"இராயப்பர் துவங்குது."

இராயப்பர் சீடர்களுக்குத் தலைவர். மோட்ச வாசலைப் பூட்டித் திறக்கும் திறப்புகள் அவர் கையில். அவரும் கடற்றொழிலாளி என்பதால் குருநகரில் அவருக்குத் தனி மதிப்பு. ஆனால் படங்களில் அவர் கிழவர். வழுக்கைத் தலை, நெற்றிக்கு நடுவில் மட்டும் ஒரு சின்னக் குஞ்சம். அந்த வேஷத்தைப் பத்து வருடமாகக் கட்டிவந்த பெரியவர் முழங்கால் வருத்தத்தோடு மன்னாரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதுவரை ஒத்திகையில் அவருடைய வசனங்களைத் தானே சொல்லிக்கொண்டு அண்ணாவியார் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இருபத்தாறு வயசுதானே அண்ணாவியார்," என்றேன்.

"இராயப்பருக்கு எத்தினை வயசெண்டு வேதத்திலை எங்கையாவது கிடக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன. தாடி ஒட்டலாம். குரல் ஒட்டேலாது. உம்மடை குரல் அருளப்பரிலை இவ்வளவு காலமும் சும்மா கிடந்தது. அவருக்கு மொத்தமா ஆறு வசனம்."

அதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அந்த ஆறையும் பாட்டுக்காரருக்குள் இளையவனுக்குக் கொடுத்தார்.

அக்கா அந்த அங்கியைச் சாம்பல் போட்டு, எலுமிச்சம்புளி போட்டு இரண்டு நாள் கசக்கினாள். கறை பழுப்பாக மாறியதே தவிரப் போகவில்லை. கடைசியில் தச்சர் அதன்மேல் ஒரு சிவப்புச் சால்வையைக் குறுக்கே போட்டுக்கொண்டார்.

அண்ணாவியார் கோயிலிலிருந்து இராயப்பரின் சின்னப் படம் ஒன்றைக் கொடுத்து என்னைச் சலூனுக்கு அனுப்பினார். சலூன்காரர் படத்தைக் கண்ணாடியில் சொருகிவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இவர் எந்த ஊர்?"

"கலிலேயா."

"அது எங்கை, மன்னாருக்கு அங்காலையோ?"

"இன்னும் தூரம். கடற்கரை ஊர்தான்."

"பாக்கத் தெரியுது. காத்து அடிச்ச தலை," என்றார்.

சுற்றிவரக் கட்டையாக வெட்டி, நெற்றி நடுவில் எஞ்சி நின்றதை மட்டும் குஞ்சமாக விட்டு, அதைச் சீப்பால் மேலே தூக்கிச் சுருட்டினார். அரை மணித்தியாலம் எடுத்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆளையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். இத்தனை மாதமாக நான் மறைக்கப் பாடுபட்ட இடம் முழுவதும் வெளிச்சத்தில் இருந்தது.

நாடகம் நடந்த ஞாயிறு நான் மேடை ஏறியபோது சனங்கள் சிரிப்பார்கள் என்று உறுதியாக நம்பினேன். இடுப்பில் வேறு, தச்சர் செய்து வெள்ளி வர்ணம் பூசிய ஒரு முழ நீள மரத் திறப்பு தொங்கியது. பாடுகளின் காட்சிகளில் அந்தத் திறப்புக்கு ஒரு வேலையுமில்லை. அது இல்லாவிட்டால் தங்கள் இராயப்பரைச் சனத்துக்கு அடையாளம் தெரியாது என்று அண்ணாவியார் பிடிவாதமாக நின்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த மீன் விற்கும் பெண்கள் என்னைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டார்கள். இராயப்பர் யேசுநாதரைத் தெரியாது என்று மூன்றுதரம் மறுதலிக்கிற காட்சியில், இரண்டாம் தரம் நான் "அந்த மனுஷனை அறியேன்" என்று சொன்னபோது அவர்களில் ஒருத்தி, "பொய் சொல்லாதையும், போன காட்சியிலை கண்டனாங்கள்," என்றாள். அதட்டலாகச் சொல்லவில்லை, கவலையோடு சொன்னாள். மூன்றாம் தரமும் மறுத்தேன், யேசுநாதர் முன்பே சொல்லியிருந்தபடி சேவல் கூவியது. நான் முழங்காலில் விழுந்து தலையைக் குனிந்து அழவேண்டும். அண்ணாவியாரோடு தனியாகப் பழகியபோது கையால் முகத்தை மூடிச் சத்தம் போடுவேன். அன்று மேற்கு வெயில் நேராக என் வெறும் தலையில் விழுந்தது. எனக்கு உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முன்வரிசையில் சீலைத் தலைப்புகள் கண்ணுக்குப் போனதைப் பிறகு அக்கா சொன்னாள்.

அதன்பிறகு குருநகரில் என் பெயர் போய்விட்டது. எல்லோருக்கும் நான் இராயப்பர். ஒரு காலை, அந்த முன்வரிசைப் பெண் மீன் கடகத்தோடு சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் வாசல் படலையடியில் நின்று, "இராயப்பரே, திறப்பைப் பிடியும். எங்கடை வீட்டு ஆக்கள் கடலாலை வந்தாக் குடும்," என்று வீட்டுத் திறப்பை எறிந்தாள். பகிடியாகத்தான் தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் ஒழுங்கையில் பாதி வீட்டுத் திறப்புகள் எங்கள் வீட்டில். நான் அச்சகத்துக்குப் போய்விடுவேன், காவல் இருப்பது அக்கா. ஒரு பலகையில் ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள்.

"இராயப்பர் இவர். மோட்ச வாசல்லை நிக்கிறது நான்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

நாடகம் முடிந்ததும் குஞ்சத்தை எடுத்துவிட நினைத்துச் சலூனுக்குப் போனேன். சலூன்காரர் சம்மதிக்கவில்லை. கஷ்டப்பட்டு அமைத்த தலை என்றார். சுற்றிவர மட்டும் ஒழுங்காக்கி அனுப்பிவிட்டார். அதனால் குஞ்சத்தோடேயே திரிந்தேன்.

திறப்பு வைப்பவர்களில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவரும் இருந்தார். தகப்பனோடு எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தவர். காலையில் படலையில் நின்று அக்காவிடம் கொடுப்பார், பின்னேரம் வாங்குவார். என்னோடு கதைத்ததில்லை. ஒரு நாள் அக்கா கோயிலுக்குப் போயிருந்ததால் நான் திறப்பை வாங்கி, பலகையில் மாட்ட மறந்து, சட்டைப்பையில் போட்டபடியே அச்சகத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பின்னேரம் நாங்கள் ஆறு பேர் எழுத்துப் பெட்டிகளுக்கு மேல் குனிந்து நின்றோம். வாசலில் மேலாளர், "ஆரைத் தேடுறியள்?" என்று கேட்பது காதில் விழுந்தது. "உந்தா, அவரை," என்று ஒரு பெண்குரல். நிமிர்ந்தால் தையல் ரீச்சர். பட்டணம்வரை வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"என்ரை திறப்பு."

நான் அவசரத்தில் திறப்புக்குப் பதிலாக ஈய எழுத்துகள் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"குனிஞ்சு நிண்டா ஆறு பேரும் ஒரே மாதிரித்தான். உங்கடை தலை இருந்தபடியாலைதான் கண்டுபிடிச்சன்," என்றார்.

அடுத்த நாள் திறப்பை அக்காவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். அக்காவுக்கு அது போதும். ஐப்பசியில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது.

கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்குள் மனைவி தையல் கத்தரிக்கோலை எடுத்து என்னை முற்றத்தில் இருத்தினார். குஞ்சத்தை அடியோடு வெட்டி, சுற்றிவர எல்லாவற்றையும் ஒரே கட்டையாக்கினார். தலை இலேசாக இருந்தது. கண்ணாடியில் பார்க்கும்போது நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியே வரவில்லை. அதற்குமேல் நான் சீப்பு வாங்கவில்லை.

அண்ணாவியாருக்குச் செய்தி போய், அன்று பின்னேரமே படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"இராயப்பரின்ரை குஞ்சத்தை வெட்டச் சொல்லி உமக்கு ஆர் உத்தரவு தந்தது, பிள்ளை?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"வருசத்திலை ஒரு நாள்தானே ஐயா அவர் இராயப்பர். மிச்ச நாள் முழுக்க நான்தானே பாக்கவேணும்."

அண்ணாவியார் என் தலையைச் சுற்றிவந்து பார்த்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை யோசித்தார். நத்தாருக்குப் பிறகு ஒருவரும் முன்பக்கத்தில் கத்தரிக்கோல் வைக்கக்கூடாது, பெரிய வெள்ளி முடிந்தபின் என்ன செய்தாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். மனைவி சம்மதித்தார். என்னை ஒருவரும் கேட்கவில்லை.