பியருக்குக் காவல்

கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று, பென்டில் ஹில்லிலுள்ள எங்கள் வீட்டு ப்ரீசரில் மீனுமில்லை, இறைச்சியுமில்லை. என் மனைவி மாலா மச்சத்தையெல்லாம் அகற்றிக் கழுவித் துடைத்திருந்தாள். அந்த இடத்தில் ஆறு தண்ணீர்ப் போத்தல்கள் உறைந்துகொண்டிருந்தன. எல்லாம் பக்கத்து வீட்டு க்ளெனின் பியருக்காக.

க்ளெனுக்கு எழுபது வயது, தனிக்கட்டை. இதயத்தில் அறுவைச் சிகிச்சை. மருத்துவமனைக்குப் போவதற்கு முதல்நாள் தன் கராஜில் பெரிய பிளாஸ்டிக் வாளி நிறைய பியர் புளிக்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வாளி ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றது. மேலே ஈரத் துவாய், எதிரே மின்விசிறி. காலையும் மாலையும் தொட்டியில் உறைந்த போத்தல்களை மாற்றவேண்டும். வெப்பமானி இருபதைத் தாண்டக்கூடாது. மூடியிலுள்ள குழாயில் குமிழி வந்தால் அது உயிரோடு இருக்கிறதாம். "திரும்பி வந்தால் குடிக்க ஒன்று இருக்கவேண்டும், மேட்," என்றார் ஆங்கிலத்தில். வெளியே முப்பத்தெட்டுப் பாகை வெயில்.

"விரதம் பிடிச்சுக்கொண்டு பியருக்குக் காவலோ?" என்றாள் மாலா. எனக்கே விளங்கவில்லை. குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கராஜுக்குப் போவது பாவமா, வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் விடுவது பாவமா?

க்ளெனிடம் மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது. அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது நான் தற்காலிக விசாவில் இருந்தேன். போனால் திரும்பி வரமுடியாது. அன்று க்ளென் இரண்டு போத்தல் பியரோடு வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். நான் குடிப்பதில்லை என்றேன். தலையாட்டிவிட்டு இரண்டையும் தானே குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இருட்டிய பிறகுதான் எழுந்து போனார். அது என்ன மாதிரியான துக்க விசாரிப்பு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அன்று அவர் வந்திராவிட்டால் நான் உடைந்துபோயிருப்பேன்.

ஐந்தாம் நாள் காலை குமிழி நின்றுவிட்டது. க்ளெனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைப்பு ஓடியது. மருத்துவமனைக்கு அழைத்தேன். உறவினரா என்று கேட்டார்கள். பக்கத்து வீடு என்றேன். எதுவும் சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார்கள்.

மாலா மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய் வந்தாள். "அவற்ர பேரில அர்ச்சனை செய்தனான். ஐயர் நட்சத்திரம் கேட்டவர். தெரியேல்ல, உங்கட நட்சத்திரத்தைச் சொல்லிப்போட்டன்."

பிறகு, அதுவரை எட்டியும் பார்க்காத கராஜுக்குள் நேராக நுழைந்தாள். "குளிர் கூடிப்போச்சு. மா புளிக்காட்டி நாங்கள் என்ன செய்யிறம்?" குளிர்காலத்தில் தோசை மாச்சட்டிக்குப் போர்த்தும் கம்பளியைக் கொண்டுவந்து வாளிக்குச் சுற்றினாள். எனக்கோ ஐஸை நிறுத்தப் பயம். சொன்ன சொல் அது. அவள் மேலே போர்த்தினாள், நான் கீழே போத்தலை மாற்றினேன். இரண்டு நாள் இப்படியே ஓடியது. குமிழி வரவேயில்லை.

விரதம் முடிந்த மறுநாள் க்ளெனை அவருடைய தங்கை காரில் கூட்டிவந்தார். கராஜில் எங்கள் வேலையைப் பார்த்ததும், தையல் போட்ட நெஞ்சு நோகாமலிருக்க மருத்துவமனையில் கொடுத்த தலையணையை அணைத்துக்கொண்டு க்ளென் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது வேலையை முடித்துவிட்டது, அதனால்தான் நின்றது," என்றார். "சரி, கீழே ஐஸ், மேலே கம்பளி. இதற்குக் குளிர் வேண்டுமா, சூடு வேண்டுமா? என்ன நினைத்தீர்கள்?"

மாலா என் காதோரம் சொன்னாள்: "வாளியும் உங்களப் போலத்தான் நிக்குது, பாருங்கோ. கால் ஒரு ஊரில, தலை ஒரு ஊரில."

"என்ன சொல்கிறார்?" என்றார் க்ளென்.

"சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள்," என்றேன்.